இடப்பக்கத்துச் சதுரம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கர்ணம் டீச்சர் என்று பெயர். செங்கோண முக்கோணத்தில், செங்கோணத்துக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் நீளமான பக்கத்தைக் கர்ணம் என்பார்கள் அல்லவா, அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்க வேண்டும். முதல் எழுத்தில் ஒரு அழுத்தம் கொடுத்து, கடைசி எழுத்துக்குக் குச்சியால் பலகையில் ஒரு தட்டு தட்டுவாள். தூங்கிக்கொண்டிருக்கும் பெண்கூட நிமிர்ந்து உட்காருவாள். பெயர் வைத்ததும் அந்தப் பெண்கள்தான். "பேருதான் கர்ணம். மார்க் போடுறப்ப மட்டும் அரை மார்க்குகூட கையை விட்டு வராது" என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வரும். கேளாதவள் போல் நடந்துபோய், ஆசிரியர்கள் அறைக்குள் நுழைந்த பிறகு சிரிப்பாள்.

பிதாகரஸ் தேற்றம் நடத்துவதற்கென்றே அவள் ஒரு தட்டு வைத்திருந்தாள். சதுரமான மரத்தட்டு. அதற்குள் ஒரே அளவில் வெட்டிய நான்கு செங்கோண முக்கோண அட்டைகள். நான்கையும் நான்கு மூலைக்கு ஒதுக்கினால் நடுவில் சாய்வாக ஒரு சதுரம் காலியாக நிற்கும். அது கர்ணத்தின் மேல் எழும்பும் சதுரம். பிறகு முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு நீள்சதுரமாக்கி எதிரெதிர் மூலைக்குத் தள்ளுவாள். இப்போது சின்னதாக ஒரு சதுரமும் அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் காலியாக நிற்கும். அவை மற்ற இரண்டு பக்கங்களின் சதுரங்கள்.

"தட்டு அதே தட்டு. அட்டை அதே நாலு அட்டை. காலியிடம் மட்டும் கூடிடுமா? குறைஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு பெஞ்சிலிருந்து "அட!" என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு "அட"வுக்காகத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்துகொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

வீட்டில் மூன்று பேர். கணவர் பஸ் டிரைவர். அதிகம் பேசாத மனுஷர், பேசினால் பாதி ரோட்டைத் திட்டுவார், மீதி ரோட்டில் போகிறவர்களை. அவருடைய தங்கை, அதாவது டீச்சரின் நாத்தனார், கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தையல் கடையில் வேலை பார்ப்பவள். கடையில் முடியாத பட்டன் தைக்கிற வேலையைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து தைப்பாள். வாய் கொஞ்சம் நீளம். அண்ணிக்கும் அவளுக்கும் நாளொரு சண்டை நடக்கும், சண்டை முடிந்ததும் இருவரும் சேர்ந்து டிரைவரைக் கிண்டல் செய்வார்கள். பிள்ளை இல்லாத வீடு. ஆனாலும் சத்தத்துக்குக் குறைவில்லை.

அன்று காலை டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடியைப் பிடித்திருந்த இடது கை தானாகத் தளர்ந்தது. மூடி கீழே விழுந்து உருண்டது. "பிடி, பிடி" என்று அவள் தன் கையைப் பார்த்தே சொன்னாள். சொன்னது குழறி வந்தது. உள்ளேயிருந்து, "காலங்காத்தால யாரை அதட்டுறீங்க அண்ணி?" என்று கேட்டபடி வந்த நாத்தனார், அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து அலறிவிட்டாள்.

மூளையில் ரத்தக்கட்டு. தக்க நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், உயிர் பிழைத்தது, பேச்சும் போகாமல் தப்பியது என்று டாக்டர் சொன்னார். இடது கையும் காலும் நாளடைவில் ஓரளவு தெளிந்தன. "இடப்பக்கம் கவனம் கொஞ்சம் போகாது, பாத்துக்குங்க" என்று டாக்டர் டிரைவரிடம் சொன்னதை, ஏதோ மறதிபோல என்று அவர் எடுத்துக்கொண்டார். உயிரோடு வீடு திரும்பினாளே, அது போதாதா?

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கைபோல ஒன்றொன்றாகத் தெரிந்தது. தட்டில் வைத்த சாப்பாட்டில் வலப்பாதியை மட்டும் துடைத்தாற்போல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

"மீதிப் பாதி எனக்கா அண்ணி?"

"எந்த மீதி? எல்லாத்தையும் சாப்பிட்டாச்சே."

நாத்தனார் தட்டைத் திருப்பி வைத்தால், "இப்ப எதுக்கு மறுபடி போட்ட?" என்று கோபம் வரும். தலையின் வலப்பக்கம் மட்டும் வழவழவென்று வாரியிருக்கும். இடப்பக்கம் படுத்து எழுந்தபடி கிடக்கும். கதவுக்குக் கதவு இடது தோள் இடிக்கும். "இந்த வாசலை யாரு குறுக்கினது?" என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று டிரைவர் நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் மேஜையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடா ஒட்டி, "இந்தச் சிவப்பு கண்ணுல படுற வரைக்கும் தலையைத் திருப்புங்கம்மா. அங்கேயிருந்துதான் எதையும் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். டீச்சர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டாள். அந்த நோய் செய்கிற வஞ்சகமே அதுதான். கண் போனவனுக்கு இருட்டு தெரியும். இவளுக்கு இருட்டுகூட இல்லை. உலகத்தின் இடப்பாதி காணாமல் போயிருந்தது, காணாமல் போனது என்ற நினைப்பும் சேர்ந்தே போயிருந்தது. தன் பார்வையில் அவள் முழுசாகத்தான் இருந்தாள்.

அந்த நம்பிக்கையோடுதான் திரும்பவும் பள்ளிக்கூடம் போனாள். தலைமை ஆசிரியை கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரமே இல்ல டீச்சர், இன்னும் கொஞ்சம் ஓய்வெடுங்களேன்" என்றார். "வீட்ல உட்கார்ந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும் மேடம்" என்றாள் இவள்.

முதல் சில நாட்கள் எப்படியோ ஓடின. இடப்பக்க பெஞ்சுப் பெண்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் அவர்களைக் கேள்வி கேட்பதில்லை. கை தூக்கினால் கண்டுகொள்வதில்லை. வணக்கம் சொன்னால் திரும்புவதில்லை. நாம் என்ன தப்பு செய்தோம் என்று அவர்களுக்குள் ஒரே குமைச்சல்.

பிறகு அந்தத் தேற்றத்தின் முறை வந்தது. அன்று அவள் உற்சாகமாக இருந்தாள். பலகையில் செங்கோண முக்கோணம் வரைந்தாள். இடப்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும் பக்கம் மூன்று. அடியில் படுத்திருக்கும் பக்கம் நான்கு. வலப்பக்கம் சாய்ந்து இறங்கும் கர்ணம் ஐந்து. அடிப்பக்கத்தின் கீழே ஒரு சதுரம் போட்டு, உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தாள். கர்ணத்தின் மேல் பெரிய சதுரம் போட்டு அதிலும் கட்டம் இழுத்தாள். சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஆச்சு. மூணு பக்கத்துக்கும் சதுரம் போட்டாச்சு. இப்ப யாரு சொல்றீங்க?"

முன் பெஞ்சில் ஒருத்தி மெதுவாக எழுந்தாள்.

"டீச்சர், ரெண்டுதானே இருக்கு?"

"என்ன ரெண்டு?"

"சதுரம் டீச்சர். இன்னொண்ணு போடலையே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கண்ணைத் தொறந்து பாரு. நான் பாட்டுக்கு இங்க வரைஞ்சிட்டு இருக்கேன், நீ எங்க பராக்கு பாத்துட்டு இருந்த?" என்று குச்சியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். அடிப்பக்கத்துச் சதுரத்தைத் தட்டினாள். "இது ஒண்ணு." கர்ணத்துச் சதுரத்தைத் தட்டினாள். "இது ரெண்டு. இது..."

குச்சி அந்தரத்தில் நின்றது. அடுத்துத் தட்ட எதுவும் இல்லை. ஆனால் படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. படம் நிறைவாக, அழகாக, எப்போதும் வரைகிற படமாக இருந்தது. கட்டங்களைப் பார்த்தாள். கீழே பதினாறு. மேலே இருபத்தைந்து. இருபத்தைந்தில் பதினாறு போனால் ஒன்பது. அந்த ஒன்பது எங்கே?

தன் கண் பொய் சொல்லும். கணக்கு பொய் சொல்லாது. ஒன்பது கட்டம் உள்ள ஒரு சதுரத்துக்கு இடம் இந்தப் பலகையில் இருந்தே ஆக வேண்டும். அது தனக்குத் தெரியவில்லை என்றால், தெரியாமல் போனது அது ஒன்றுதானா? கதவுகள் குறுகியது, தட்டில் சாப்பாடு மறுபடி வந்தது, நாத்தனார் திடீர் திடீரென்று எங்கிருந்தோ முளைத்தது எல்லாம் ஒரே நொடியில் அவள் தலையில் வந்து இறங்கியது.

"டீச்சர்... உட்காருங்க டீச்சர்" என்றது ஒரு குரல். இடப்பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். யார் என்று தேடி அவள் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றித் திரும்பினாள். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தவர்களும் பயந்துபோனார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள்.

தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கொஞ்ச நாள் நூலகத்தைப் பாத்துக்குங்க டீச்சர். வகுப்பு எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார். அவர் பரிந்து பேசப் பேச இவள் அட்டைகளை எடுத்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு திட்டு திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

அன்றே பள்ளிவிட்டு வரும்போது தெருவைக் கடக்கையில் இடப்பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் அவள் பையைத் தட்டிக்கொண்டு போனது. பை எகிறி, தட்டும் அட்டைகளும் நடுத்தெருவில் சிதறின. வண்டிக்காரன் நின்று திட்டினான். வண்டி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வானத்திலிருந்து குதித்தாற்போல் இருந்தது.

சேதி கேட்ட டிரைவர் வெளிறிப்போனார். வேலை நேரமெல்லாம் இப்படிக் குறுக்கே வருகிறவர்களைப் பார்த்து பிரேக் மிதித்துப் பழகியவர் அவர். தன் மனைவி அப்படி ஒருத்தியாகிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வெளிக்கதவைப் பூட்டி, ஒரு சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்தபோது வீட்டில் பிரளயம்.

"நான் என்ன மாடா, கட்டிப் போட்டுட்டுப் போக?"

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்யறது? ரோடு எப்படின்னு எனக்குத் தெரியும். நீ வேண்டாத பேச்செல்லாம் பேசாத."

"ஆகட்டுமே. ஆனா என்ன இப்ப? ரெண்டு சதுரம் போட்டுட்டு மூணுன்னு சொல்றவ உயிரோட இருந்து யாருக்கு என்ன லாபம்?"

"சதுரமாம், வட்டமாம்! ஊருல எல்லாரும் சதுரம் தெரிஞ்சுதான் சோறு திங்கிறாங்களா?" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொல்ல நினைத்தார், வாயில் அப்படி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லியாகிவிட்டது. கதவும் பூட்டு. பகலெல்லாம் அவள் சமையலறை மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடுத்தெருவில் பொறுக்கிக் கொண்டுவந்த அட்டைகளில் டயர் அழுக்கு அப்படியே இருந்தது. நான்கு முக்கோணம், நான்கு மூலை. ஆயிரம் முறை செய்தது. வலது மேல் மூலையில் ஒன்று வைப்பாள். வலது கீழ் மூலையில் ஒன்று வைப்பாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு மூலை தேடுவாள். மூலை இருக்காது. தட்டுக்கு நான்கு மூலை என்று மனசு சொல்லும், கண் இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவதை முதல் அட்டையின் மேலேயே வைப்பாள். நான்காவதை அதற்கும் மேலே. பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். இந்த மேஜையின் இடது ஓரத்திலும் நாத்தனார் ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்தாள். நாடா வரைக்கும் தலையைத் திருப்ப வேண்டும் என்று இப்போது அவளுக்கு நன்றாகவே தெரியும். திருப்புவாள். நாடா வரும். அட்டையை எடுக்கக் கண்ணை இந்தப் பக்கம் கொண்டுவந்ததும் நாடாவும் போய்விடும், அதைத் தேட வேண்டும் என்ற எண்ணமும் போய்விடும்.

ஒரு மதியம், வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்துகொண்டிருந்தபோது, அவள் தட்டைக் கவிழ்த்துவிட்டாள். அட்டைகள் தரையில் விழுந்தன. வீட்டில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"போதும். எனக்குப் போதும். அன்னைக்கே போயிருக்கணும். காப்பாத்திட்டாங்களாம், காப்பாத்தி! பாதியைக் காப்பாத்திட்டு முழுசுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவருக்கு ஒரு வேலை செஞ்சு போட முடியல. அவளுக்குப் பாரம். பாவம், அவ பட்டன் தைப்பாளா, எனக்குத் தலை வாருவாளா? மாத்திரை டப்பா அந்த அலமாரியிலதானே இருக்கு. மொத்தமா முழுங்கிட்டா யாருக்கும் தொல்லையில்ல. ஒரு மதியம் போதும், அவ கடைக்குப் போயிருக்கிற நேரமா பாத்து..."

"நான் கடைக்குப் போகல."

குரல் பக்கத்திலேயே கேட்டது. டீச்சர் திடுக்கிட்டு எழுந்தாள்; நாற்காலி சாய்ந்தது. வலப்பக்கம் யாருமில்லை. முதுகுக்குப் பின்னால் யாருமில்லை.

"இங்க இருக்கேன் அண்ணி. உங்க பக்கத்துல. சாப்பிட்டு முடிச்சதுலேர்ந்து இங்கதான் உட்கார்ந்து தைச்சிட்டு இருக்கேன். உங்களுக்கு ரெண்டு தடவை தண்ணி வேணுமான்னுகூட கேட்டேன்."

டீச்சர் தலையைத் திருப்பினாள். சிவப்பு நாடா வந்தது. அதைத் தாண்டித் திருப்பினாள். மடியில் ஒரு சட்டை, கையில் ஊசி, கன்னமெல்லாம் கண்ணீரோடு நாத்தனார் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊசி விரலில் ஏறியிருந்தது. சட்டையில் ரத்தப் பொட்டு.

"பாரமாமே, பாரம்!" என்று அவள் வெடித்தாள். "யாரு சொன்னா உங்ககிட்ட? நான் சொன்னேனா? வாயைத் தொறந்தா நூறு பேசுவேன், அந்த ஒண்ணை எப்பவாவது சொல்லியிருக்கேனா? நீங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடறது? அந்த மனுஷனோடயா? அவரு பதில் சொல்றதுக்குள்ள அடுத்த ஸ்டாப் வந்துரும்!"

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் எழுந்துபோய் மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் தையல் பைக்குள் போட்டு முடிந்தாள். பிறகு குனிந்து அட்டைகளைப் பொறுக்கி மேஜையில் கொட்டினாள்.

"என் கையைப் பிடி. அந்தப் பக்கத்து மூலையில கொண்டுபோய் வை" என்றாள் டீச்சர்.

நாத்தனார் அவள் வலது கையைப் பிடித்துத் தட்டின் இடது மூலைக்கு இழுத்துப் போனாள். விரலுக்கு மூலை தட்டுப்பட்டது. விரலைத் தேடிக்கொண்டு கண் பின்னாலேயே போனது. மெதுவாக, பனிக்குள்ளிருந்து வருவதுபோல், மூலை வந்தது. இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. அது கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமாக இருந்தது. இதுபோல இன்னும் எத்தனை கை எட்டும் தூரத்தில் இருக்கின்றனவோ?

அன்று முதல் அவள் தேடுவதை விட்டுவிட்டுத் தட்டைத் திருப்ப ஆரம்பித்தாள். வலது பக்க மூலைகளை நிரப்புவாள். தட்டைச் சுற்றுவாள். இடப்பக்கத்து மூலைகள் வலப்பக்கம் வந்து சேரும். அவற்றை நிரப்புவாள். ஆனால் எந்த நேரத்திலும் முழுச் சதுரம் கண்ணுக்கு வராது. ஒரு பாதி வந்தால் இன்னொரு பாதி போய்விடும். போன பாதியை மனசில் பிடித்து வைத்துக்கொண்டு வந்த பாதியோடு ஒட்ட வேண்டும். இரண்டு தடவை ஒட்டுவதற்குள் தலை வலித்துப் படுத்துவிடுவாள். சாப்பாட்டுத் தட்டையும் அப்படியே சுற்றிச் சுற்றிச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். பின்கட்டில் அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. மறுநாள் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். வலது ஓரத்தில்.

பல மாதம் கழித்து அவள் தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டாள். "ஒரே ஒரு வகுப்பு கொடுங்க மேடம். நீங்களும் உட்காருங்க. சரியா வரலேன்னா நானே விட்டுடுறேன்." அவர் தயங்கினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. தட்டை மேஜையில் வைத்துச் சுற்றினாள். பலகையில் வரையும்போது முக்கோணத்தின் இடப்பக்கத்துக்குப் போய், பலகையின் ஓரத்தைக் கையால் தொட்டுவிட்டு அங்கிருந்து தொடங்கினாள். மூன்று சதுரமும் வந்தன. ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து. "தட்டு அதே தட்டு. அட்டை அதே நாலு அட்டை" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சத்தம் வந்தது. அவள் காத்திருந்த சத்தம் இல்லை.

"டீச்சர்! டீச்சர்! இங்க பாருங்க டீச்சர்!"

இடப்பக்கக் கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரமாக அவள் கையைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு எழுந்து நின்றிருக்கிறாள். இரண்டு முறை மெல்லக் கூப்பிட்டும் இருக்கிறாள். டீச்சர் கோபித்துக்கொள்வாளோ என்று பயந்து நின்றவள், தலை சுற்றி பெஞ்சின் மேலேயே சரிந்தாள். பக்கத்துப் பெண்கள் அலறினார்கள். அதுவரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியைதான் வலப்பக்க மூலையிலிருந்து ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். டீச்சர் கண்டுபிடித்துத் திரும்பும்போது, அந்தப் பெண்ணின் சட்டையின் முன்புறம் முழுக்கச் சிவந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத் துணியை வைத்ததும் ரத்தம் நின்றுவிட்டது. "சரியாப் போச்சு டீச்சர்" என்று அவளே வந்து சொன்னாள். ஆனால் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாடம் ரொம்ப நல்லா இருந்தது" என்றார் தலைமை ஆசிரியை. "இன்னும் கொஞ்ச நாள் ஆனா..."

"இல்ல மேடம். தட்டைச் சுத்தலாம். சாப்பாட்டைச் சுத்தலாம். நாப்பது பிள்ளைங்களை எப்படிச் சுத்துறது? இன்னைக்கு மூக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை மாடிப்படியில உருண்டா நான் வலப்பக்கம் பாத்து பாடம் நடத்திட்டு இருப்பேன்."

சொல்லும்போது குரல் உடையவில்லை. வெளியே வந்து, நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, வாசலில் நின்றிருந்த கணவரைப் பார்த்த பிறகுதான் உடைந்தது. அன்று அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து காத்திருந்தார். அவளுக்கு இடப்பக்கமாக வந்து, தோளோடு தோள் ஒட்டி நடந்தார். வீடு போய்ச் சேரும் வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். தெருவில் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவர் யாரையும் திட்டவில்லை.

வேலையை விட்டாள். விட்ட பிறகும் ஒன்றும் லேசாகிவிடவில்லை. பள்ளி மணி அந்தத் தெருவுக்குக் கேட்கும். முதல் மணிக்கு அவள் எழுந்து நின்றுவிடுவாள், எதற்கு நின்றோம் என்று நினைவு வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். சில நாட்கள் படுக்கையை விட்டே எழ மாட்டாள். நாத்தனார் அப்போதெல்லாம் வேண்டுமென்றே உப்பு அதிகம் போட்டுச் சமைத்துவைத்து, சண்டைக்கு இழுப்பாள். டாக்டர் இனிப் பெரிய மாற்றம் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

பஸ் டிப்போவில் டிக்கெட் கணக்குப் பார்க்கும் ஒரு பெண், பிள்ளைகளுக்குத் தாய், மேல் பதவிக்கான தேர்வில் கணக்கில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தாள். டிரைவர்தான் சொல்லி அனுப்பியிருப்பார், கேட்டால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு விடுமுறை நாளில் அவள் வந்து கதவைத் தட்டினாள். டீச்சர் அவளை வலப்பக்கம் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு ஒரு பக்கம் சரியா தெரியாது. உங்களை விட்டுட்டு நான் பேசிட்டே போனா, மேஜையைத் தட்டுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்கு எந்தப் பக்கமும் தெரியாது டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "கணக்குன்னாலே கண்ணைக் கட்டி விட்ட மாதிரிதான். பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணித்தான் ஒப்பேத்தினேன்."

டீச்சர் தட்டை எடுத்து நடுவில் வைத்தாள். இரண்டு மூலை நிரப்பினாள். சுற்றினாள். மற்ற இரண்டும் நிரப்பினாள். நடுவில் காலியாக நிற்பது சாய்ந்த சதுரம் என்று அவளுக்குத் தெரியும். அதன் பாதியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி அடுக்கிக் காட்டிவிட்டு, பழைய கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "புரியற மாதிரி இருக்கு, புரியவும் இல்ல" என்றாள் கடைசியில். "மறுபடி ஒரு தடவை காட்டுறீங்களா?"

டீச்சர் அட்டைகளைக் கலைத்தாள். ஒன்று நழுவி இடப்பக்கம் எங்கோ போய்விட்டது. மேஜை மேல் கையைப் பரத்தி, தலையைத் திருப்பி, அதைத் தேட ஆரம்பித்தாள். அந்தப் பெண் எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினாள்.

"வேண்டாம், இருங்க" என்றாள் டீச்சர். "நானே எடுக்கிறேன். நேரமாகும்."